நாலு நாள் உழைத்த கைப்பட்டை

ஹைதராபாத் குகட்பள்ளியில் எங்கள் குடியிருப்பின் படிக்கட்டுச் சுவருக்கு இன்று பெயின்ட் அடிக்கிறார்கள். அலுவலகம் முடிந்து வந்து மூன்றாவது மாடி ஏறுவதற்குள் தின்னர் வாசம் மூக்கில் ஏறியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்திருப்பார். எப்போதும் உன் கைகளில் இருந்த வாசம் அது. எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் போகாது. "ஹவ், ஆமாண்டி, சோறு கூட மை வாசம்தான்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவாய்.

நாச்சாரத்தில் பிஸ்கட் பொட்டலத்துக்குப் பிளாஸ்டிக் தாள் செய்த சின்னத் தொழிற்சாலை. அதன் மாடியில் வேலை செய்தது நாம் இருவர் மட்டும். நான் விருதுநகரில் வேதியியல் படித்துவிட்டு வேலைக்கு வந்தவள். உன் குடும்பம் உன் தாத்தா காலத்திலிருந்தே செகந்திராபாத்தில். ஊரே கணினி வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தபோது நம் முதலாளிக்கு வேறு ஆசை வந்திருந்தது. தாள் போல வளையும் சோலார் செல் செய்ய வேண்டும். அதைக் கைப்பட்டையில் ஒட்டி, நாடித்துடிப்பு காட்டும் கருவியை பேட்டரி இல்லாமல் ஓட்ட வேண்டும்.

கரிமப் பொருளைத் தின்னர் போன்ற திரவத்தில் கரைத்த ஊதா மையை பிளாஸ்டிக் தாளில் பூசுவோம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பூச்சு. மேலே இன்னொரு தாள் ஒட்டி மூடுவோம். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள், ரப்பர் கையுறைகளில் கையை நுழைத்துச் செய்யும் வேலை. சாயங்காலம் தோள் இரண்டும் விட்டுப்போகும்.

முதல் பட்டை ஓடிய நாளில் அதைக் கட்டிக்கொண்டு உச்சி வெயிலில் முற்றத்தில் போய் நின்றாய். "அரே, எண்பத்திரெண்டு! என் நாடிடி இது!" என்று கத்தினாய். லாரியில் சுமை ஏற்றியவர்கள் சிரித்தார்கள். மறுநாளே அதை உன் அம்மாவின் கையில் கட்டினாய். துடிப்பு தவறித் தவறி அடிக்கும் இதயம் அவர்களுக்கு.

ஐந்தாம் நாள் பட்டை நின்றுவிட்டது. ஓரத்தில் ஈரம் புகுந்து மை வெளுத்திருந்தது. கருவிக்கு வெயில் போதவில்லை என்று நினைத்து அம்மா இரண்டு மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைச் சொன்னபோது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு செய்தவையும் அப்படித்தான். நாலு நாளைத் தாண்டி ஒன்றும் உழைக்கவில்லை.

இதற்கிடையே முதலாளி வாங்குவதற்கு ஆளைப் பிடித்துவிட்டார். சென்னையிலிருந்து வந்த மருத்துவக் கருவி வியாபாரி. பேகம்பேட்டில், விமானம் இறங்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கும் ஓர் அலுவலகத்தில் சந்திப்பு. "காலையில் செய்ததை மட்டும் கொண்டு வாருங்கள், மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்" என்று முதலாளி தெலுங்கில் சொல்லியிருந்தார்.

ஜன்னல் வெயிலில் பட்டை அழகாக ஓடியது. எவ்வளவு காலம் உழைக்கும் என்று வியாபாரி கேட்டார். முதலாளி இரண்டு வருடம் என்றார். வியாபாரி என் பக்கம் திரும்பி, "நீங்கதானேம்மா செய்றீங்க, நீங்க சொல்லுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். "நாலு நாள் சார். அதுக்கு மேல ஒண்ணும் ஓடல."

அந்த மாதமே மாடியைப் பூட்டினார்கள். கடைசி நாள் பஸ் நிறுத்தத்தில் உன்மேல் பாய்ந்தேன். "என்கிட்டதானடி கேட்டாரு? நீ எதுக்கு வாயத் திறந்த?"

"நக்கோடி, ரோட்டுல வேணாம்."

"உங்கம்மாவுக்காக என் பொழப்பக் கெடுத்துட்ட" என்றேன்.

உன் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாய்.

எனக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை கிடைத்தது. நீ ஒரு சாயத் தொழிற்சாலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு ஐந்து வருடம் உன்னைக் கூப்பிடவில்லை. முதலில் கோபம், பிறகு கூச்சம், அப்புறம் வெறும் அசதி. போன வருடம் பழைய தொழிற்சாலை ஆள் ஒருவர் போன் செய்தார். காய்ச்சல் என்று படுத்தவள் ஒரு வாரத்தில் போய்விட்டாய். அடக்கம் முடிந்து மூன்று வாரமாகிவிட்டது என்றார்.

உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். உடம்பு சரியில்லாத அவர்கள் இருக்கிறார்கள், நீ இல்லை. என் பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீயாம்மா? அவ எப்பவும் சொல்லுவா. 'அவளுக்குப் பொய் வராதும்மா. அந்தாளு கேட்டதும் அவ மூஞ்சியே செத்துப்போச்சு. உண்மையைச் சொல்லி அவ வேலை போயிடக் கூடாதுன்னு நான் முந்திக்கிட்டேன், திட்டு எனக்கு வரட்டும்னு.' இப்படித்தான் சொல்லுவா."

"ஆமாம்மா" என்றேன். கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உனக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். அன்று என் வாயில் தயாராக இருந்தது 'ரெண்டு வருஷம்' என்ற பதில்தான். காலையிலேயே பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். நீ அதைக் கேட்காமலே போய்விட்டாய்.

இப்போது அலுவலகத்தில், பிழை இருந்தாலும் சரி என்று குறிக்கச் சொல்லும் நாட்கள் வருகின்றன. சில நாள் மறுத்துவிடுகிறேன். சில நாள் களைப்பில் குறித்துவிடுகிறேன். மறுத்த நாட்களில் மட்டும், நீ உன் அம்மாவிடம் சொன்ன அந்தப் பெண் நான்தான் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொள்கிறேன்.