பந்தயப் பணத்தை வெயிலில் விரித்த வருஷம்

1943 பிப்ரவரி 13, சனி

ரயில் தண்டவாளத்தைச் சண்டைக்கென்று பிடுங்கிக்கொண்டு போனார்களே, அதற்கு அடுத்து வந்த மாசி இது. போடி லைனில் இப்போது ஆடு மேய்கிறது. பெட்ரோல் ரேஷன் சீட்டுக்குத்தான். கரிப்புகையில் ஓட்டுவதற்கென்று பஸ்ஸின் முதுகில் கரியடுப்பை மாட்டியிருக்கிறார்கள். மேட்டைக் கண்டால் அது நின்றுவிடுகிறது. ஜனங்கள் இறங்கி எங்கள் குதிரை வண்டிகளைத் தேடி வருகிறார்கள். சண்டையால் பிழைத்தவர்கள் தேனியில் யாராவது உண்டென்றால் வண்டிக்காரர்கள்தான். ஆனால் காசு கையில் இருந்தும் அரிசி கிடைக்கவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் பாண்டியம்மாள் எழுதுகிறாள். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். நான் பேசுகிறபடியே எழுதமாட்டாளாம். "வந்தாக போனாகன்னு எழுதுனா எங்க டீச்சரம்மா பிரம்போட வந்துருவாகய்யா" என்கிறாள். சரி, அவள் இஷ்டம். மற்றவர்கள் பேச்சை மட்டும் அவர்கள் வாயில் வந்தபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

சித்திரைப் பந்தயத்தைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டது. தேனி வண்டிப்பேட்டையிலிருந்து வீரபாண்டி வரைக்கும் குதிரை வண்டிப் பந்தயம். போன வருஷம் என் மருமகன், பாண்டியின் புருஷன் கர்ணன், எங்கள் குதிரை மைனாவைப் பூட்டி முதலாவதாக வந்தான். பரிசு நூற்றைம்பது ரூபாய் என்று கமிட்டித் தலைவர் சண்முகராஜ் மேடையில் சொன்னார். பஞ்சு வியாபாரி, நல்ல குரல். ஊரே கைதட்டியது. மறுநாள் கடைக்குப் போனால் அறுபது ரூபாயைக் கையில் வைத்து, "வசூலானது இம்புட்டுத்தாம்ப்பா" என்றாராம்.

அதற்கு முந்தின வருஷம் கம்பத்து வண்டி ஜெயித்தது. அந்த ஆளுக்கும் இதே கதை. அதற்கும் முன்னால் பண்ணைப்புரத்து வண்டி; நாற்பது ரூபாயும் ஒரு வெண்கலச் செம்பும். செம்பில் ஓட்டை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இத்தனைக்கும் ஓடுகிற ஒவ்வொரு வண்டிக்காரனும் மூன்று ரூபாய் கட்டித்தான் ஓடுகிறான்.

சண்முகராஜ் தின்றுவிட்டார். பேட்டையில் வேறு பேச்சில்லை. நானும் அதைத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 16

பணத்தைக் கண்ணில் காட்டாவிட்டால் இந்த வருஷம் ஒரு வண்டியும் ஓடாது என்று முடிவு. கர்ணன்தான் அதிகம் கத்தினான். தொண்டை கட்டி, வீட்டுக்கு வந்து சைகையில் சோறு கேட்டான்.

பிப்ரவரி 20, சனி

இன்று சந்தையில் ஒரு மட்டக் குதிரையைத் தரகு பேசி முடித்துக் கொடுத்தேன். உசிலம்பட்டிக்காரர் வாங்கினார். வழக்கம்போல இரண்டு பேர் கையிலும் துண்டைப் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்து விலை. வெளியே நிற்பவர்களுக்கு எங்கள் முகம்தான் தெரியும், விரல் தெரியாது. நாற்பது வருஷமாக என் வீட்டில் உலை கொதித்தது இந்தத் துண்டுக்குள்தான்.

பந்தய வசூலும் இதே மாதிரிதான். சண்முகராஜ் துண்டோடு கடை கடையாகப் போவார். ஒரு முதலாளி கொடுப்பது இன்னொரு முதலாளிக்குத் தெரியக் கூடாது. பெரிய மனிதர்களுக்குள் ஏற்றத்தாழ்வு வந்துவிடும் என்று யாரோ வைத்த வழக்கம். விரலை எல்லாம் கூட்டி மொத்தத்தை மட்டும் மேடையில் சொல்வார்.

படுத்தபடி யோசித்தேன். குதிரை வியாபாரத்தில் விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் விரல் தெரியும். பந்தயத்தில் கொடுக்கிறவருக்குத் தெரியும், வாங்கிக்கொண்டு போகிறவருக்குத் தெரியும். ஓடுகிறவனுக்கு மட்டும் தெரியாது. அவனும் அவன் குதிரையும் எதற்கு ஓடுகிறார்கள்?

மார்ச் 6, சனி

சண்முகராஜ் கடைக்குப் போனேன். பஞ்சுப் பொதிக்கு நடுவில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாரும் தரகரே. நீரும் என்னையத் திருடன்னு சொல்லத்தான வந்தீரு?"

"பேட்டையில எல்லாரும் சொல்றாக முதலாளி. நான் மட்டும் சொல்லலைன்னா நல்லாருக்குமா?"

சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "யார் யார் எம்புட்டுன்னு வெளிய சொன்னா அடுத்த வருசம் ஒருத்தரும் தரமாட்டாக. பந்தயமே நின்னு போகும். பரவால்லையா?"

"இப்பயே நின்னுதான போச்சு? துண்டே வேணாம். சந்தையில வேட்டிய விரிச்சு உக்காருவோம். குடுக்கிறவுக எல்லாரும் பார்க்க அதுல போடட்டும். பேரச் சொல்லிக் கூவுவோம்."

"விழலைன்னா?"

அப்போதுதான் என் வாய் அதைச் சொன்னது. நான் யோசித்துச் சொல்லவில்லை.

"போன வருசம் நீரு சொன்னீரே நூத்தம்பது, அதுக்கு ஒரு ரூவா கொறஞ்சாலும் எங்க மைனாவ ஜெயிச்சவனுக்குப் பிடிச்சுக் குடுத்துடுறேன்."

விசிறி நின்றது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தலைச்சுமையை இறக்கிவைக்க ஆள் கிடைத்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, "செய்யும்" என்றார். அது எனக்கு விளங்கவில்லை.

மார்ச் 9

மேலே உள்ளதை நான் சொன்னபோது பாண்டி பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இன்றுதான் எழுதினாள். மைனா ஓடினால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும் என்பது எனக்குத் தெரியாதா?

கர்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மாமா, குதிர உங்க பேர்ல இருக்கு. சோறு எங்க பேர்ல இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் காட்டப் போனான்.

"இதையும் எழுதிக்கிறேன். நீங்க செஞ்சது எனக்குப் பிடிக்கலய்யா" என்கிறாள் பாண்டி. எழுதிக்கொள்ளட்டும்.

மார்ச் 27

அரிசி மில் ராஜமணி சொல்லியனுப்பியிருக்கிறார். சந்தையில் வேட்டி விரிப்பது பிச்சைக்காரர் வேலையாம். வருஷா வருஷம் பந்தய மேடையில் முதல் நாற்காலி அவருடையது. முதல் மாலையும் அவருக்குத்தான்.

ஏப்ரல் 14

சித்திரை பிறந்தது. வேப்பம்பூப் பச்சடி. கர்ணன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மைனாவுக்குப் புது லாடம் கட்டினான். கட்டும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 24, சனி

இன்று நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடக் கூடாது.

வெயில் ஏறும் முன்பே சந்தை நடுவில் புது வேட்டியை விரித்தோம். ஒரு பக்கம் நான், எதிரே சண்முகராஜ். பின்னால் மைனாவைப் பிடித்துக்கொண்டு கர்ணன். அவனை யாரும் வரச் சொல்லவில்லை. நான் குதிரையைக் கொடுப்பதாக இருந்தால் அவன் கையிலிருந்துதான் போக வேண்டும் என்று வந்து நின்றான்.

வெகுநேரம் வேட்டி வெறும் வேட்டியாகக் கிடந்தது. ஜனங்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், ஏதோ வித்தை காட்டப் போகிறோம் என்கிற மாதிரி. ஒரு நாய் வந்து அதில் படுக்கப் பார்த்தது.

முதலில் வந்தவள் பேட்டையில் புல்லுக்கட்டு விற்கிற மொக்கம்மாள். மடியை அவிழ்த்து இரண்டு ரூபாயை எறிந்தாள். "ஏலே கர்ணா, கூவுடா எம் பேர! கெழவி பேர ஊரு கேக்கட்டும்." கர்ணனுக்கு அழுகையா சிரிப்பா தெரியவில்லை, கூவினான். அப்புறம் வண்டிக்காரர்கள் மூன்று மூன்றாகப் போட்டார்கள். காப்பிக் கடை, லாடம் கட்டுகிறவர், வெற்றிலைக் கடை. ஒவ்வொரு பேருக்கும் ஜனம் "ஓ" போட்டது. ஆனால் எல்லாம் சில்லறை. உச்சிவெயில் சாய்ந்தபோது எழுபதைத் தாண்டவில்லை. மைனா ஒருமுறை கனைத்தது.

அப்போது ராஜமணி வந்தார். குடை பிடிக்க ஒரு ஆள்.

"என்ன தரகரே, ஏந்துற அளவுக்கு வந்துட்டீரா? சரி சரி, கையக் குடும்."

ஜரிகைத் துண்டை என் கை மேல் போட்டார். நாற்பது வருஷப் பழக்கம். என் கை தானாக உள்ளே போனது. உள்ளே விரல் இல்லை. முஷ்டி. எங்கள் தொழிலில் மூடின கை என்றால் 'இப்போது இல்லை, பிறகு' என்று அர்த்தம். காதருகே குனிந்து, "சபையில இருவத்தஞ்சுன்னு சொல்லிரும். பெறகு கடைக்கு ஆள் அனுப்பும்" என்றார்.

அந்த நொடியில் எல்லாம் புரிந்தது. நிமிர்ந்து சண்முகராஜைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் அவர் இந்தக் கையைத்தான் பிடித்திருக்கிறார். மேடையில் சொன்ன நூற்றைம்பதில் பாதிக்குமேல் முஷ்டி. ஆள் அனுப்பினால் முதலாளி ஊரில் இருக்கமாட்டார்.

துண்டை எடுத்தேன். வேண்டுமென்றுதான் எடுத்தேன். அவர் முஷ்டி என் கைக்குள் அப்படியே இருந்தது, வெயிலில். சந்தை முழுக்கப் பார்த்தது.

"முதலாளி கை இதுதான். எம்புட்டுன்னு கர்ணன் கூவட்டும்?"

அவர் கையை உதறிக்கொண்டு போயிருந்தால் பின்னாலேயே மற்ற முதலாளிகளும் போயிருப்பார்கள். என் மைனாவும் போயிருக்கும். மொக்கம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"ஏ ஆத்தா! முதலாளி கையில என்ன, வெட்டுக்கிளியவா புடிச்சு வச்சிருக்காக? தொறந்தா பறந்துருமோ?"

சந்தை சிரித்ததே ஒரு சிரிப்பு! மாட்டுத்தரகர்கள் பக்கத்திலிருந்து கருவாட்டுக்கடை வரை. குடை பிடித்த ஆளே சிரித்தான். ராஜமணி முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. சட்டைக்குள் கையைவிட்டு நோட்டை எடுத்து வேட்டியில் போட்டார், இருபத்தைந்து. கர்ணன் கூவினான் பாருங்கள், வீரபாண்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

எதிர்வரிசையில் மளிகை ஞானதுரை கடை. ராஜமணிக்கும் அவருக்கும் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கல்லாவை விட்டு எழுந்து வந்தார். வேட்டியைப் பார்த்தார், ராஜமணியைப் பார்த்தார். ஐம்பதைப் போட்டுவிட்டு, "எம் பேர மெதுவாக் கூவுப்பா, ரைஸ் மில்காரவுகளுக்குக் காது வலிக்கும்" என்றார். போகக் கிளம்பிய ராஜமணி திரும்பி வந்தார். தன் இருபத்தைந்தை எழுபத்தைந்தாக்கு என்றார். அதைப் பார்த்துப் பஞ்சுக்காரர்கள், ஏலக்காய்க்காரர்கள், போடியிலிருந்து சரக்கு வாங்க வந்தவர்கள்கூட. கொடுப்பவரை நிறுத்த முடியவில்லை. பேர் கேட்கும் சுகம் அப்படி!

முந்நூற்றுப் பன்னிரண்டு. பரிசை மூன்றாகப் பிரித்து அங்கேயே கூவிவிட்டோம்.

எல்லாரும் போன பிறகு சண்முகராஜிடம் கேட்டேன், கர்ணனுக்குக் கொடுத்த அறுபதில் அவர் பணம் எவ்வளவு என்று. "அத விடும்" என்றார்.

"திருடன்னு ஊரே சொல்லிச்சு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னையத் திருடன்னா எனக்கு மட்டுந்தான் கெட்ட பேரு. அவுக கைய மூடிக்கிறாகன்னு நான் சொன்னா, மறு வருசம் பந்தயம் எங்கன நடக்கும்? துண்ட எடுக்க எனக்குத் தைரியமில்ல தரகரே. நான் அவுக கூட யாவாரம் பண்றவன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். துண்டு இல்லாமல்.

ஏப்ரல் 25

கர்ணன் காலையில் தானாகவே வந்து, "மாமா, காப்பி குடிச்சீகளா?" என்றான்.

மே 9, ஞாயிறு

வீரபாண்டி எல்லைக்கோட்டில் மூங்கில் நட்டு, வலைப்பையில் பணத்தைப் போட்டுத் தொங்கவிட்டோம். ஓடி வருகிறவனுக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று. போன வருஷம் பதினாறு வண்டி. இந்த வருஷம் வரிசை வண்டிப்பேட்டைக்கு வெளியே புளியமரம் வரை நின்றது. கம்பம், சின்னமனூர், ஜெயமங்கலத்திலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். காசு நிஜம் என்று கேள்விப்பட்டதும் எங்கிருந்துதான் இத்தனை குதிரை முளைத்ததோ!

நான் எல்லையில் நின்றேன். முதலில் புழுதி. புழுதிக்குள் மைனாவின் நெற்றி வெள்ளை. பக்கத்திலேயே கம்பத்துச் சாம்பல் குதிரை. இரண்டு வண்டியின் அச்சும் உரசிவிடும் போல. நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. ஒரு தலை நீளத்தில் கம்பத்துக்காரன் முந்திவிட்டான்.

மைனா இரண்டாவது.

நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. ஏனென்றால் அங்கேயே வலைப்பையை இறக்கி, ஜனத்தின் முன்னால் கம்பத்துக்காரனுக்குப் பரிசை முழுசாகக் கொடுத்தார் சண்முகராஜ். அந்த மனுஷன் பணத்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான். "என்னப்பா?" என்றார். "இல்ல, நாளைக்குக் கடைக்கு வரணுமான்னு பார்த்தேன்" என்றான். தேனி வண்டிக்காரர்கள் அவனைத் தோளில் தூக்கினார்கள். தோற்றவர்கள் ஜெயித்தவனைத் தூக்கியதை நான் இன்றுதான் பார்த்தேன்.

இரண்டாம் பரிசு தொண்ணூறு ரூபாய், கர்ணன் கையில். போன வருஷம் முதல் பரிசுக்கு வந்ததைவிட முப்பது அதிகம். கொண்டுவந்து பாண்டியிடம் கொடுத்தான். அவள் இப்போது எழுதிக்கொண்டே சிரிக்கிறாள். பிடிக்கலய்யா என்று எழுதினாளே, அதை அடிக்கட்டுமா என்று கேட்கிறாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

1949 மே 15, ஞாயிறு

ஆறு வருஷம் ஆகிவிட்டது. பெட்ரோல் வந்துவிட்டது, பஸ் மேட்டில் ஏறுகிறது. பேட்டையில் வண்டிகள் பாதியாகிவிட்டன. கர்ணன் ஏலக்காய் மூட்டை ஏற்றப் போகிறான். ஆனால் பந்தயம் நிற்கவில்லை. இந்தப் பக்கத்தில் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் இப்போது வேட்டி விரித்துத்தான் வசூல்.

இன்றைக்கு ஜெயமங்கலத்தில் பந்தயம். தலைமைக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். முழங்கால் விடவில்லை. கர்ணனை அனுப்பினேன். பொழுது சாய வந்து சொன்னான். அறுநூறைத் தாண்டிவிட்டதாம். முதல் நோட்டைப் போட்டவர் நடக்க முடியாமல் நாற்காலியோடு தூக்கி வரப்பட்டாராம். பேரைக் கூவியபோது, "கேக்கல, இன்னொருக்கா" என்று இரண்டு தடவை கூவ வைத்தாராம்.

வேட்டி விரித்த அன்றைக்குச் சந்தையில் நின்ற பெரியவர்களில் ராஜமணி போய்விட்டார். அடுத்த வருஷமே ஞானதுரையும் போனார். மொக்கம்மாளை இந்த மாசியில் எடுத்தோம். என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது சண்முகராஜ், இன்று நாற்காலியில் வந்தவர்.