நான் நீக்கிய வரி

ஓசூர்
8.11.2008

அன்புள்ள வினிதாவுக்கு அம்மா எழுதுவது. புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் விட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் கை வரவில்லை. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, அப்பா குளித்துக்கொண்டிருக்கும்போதே, நாற்காலி போட்டுப் பரண்மேலிருந்த உன் காலேஜ் கணக்கு நோட்டை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். ஏனென்று போனில் சொல்ல முடியாது, பக்கத்தில் அவர் இருப்பார்.

பின் வீட்டு சுசித்ராவை உனக்குத் தெரியும், உனக்கு மருதாணி வைத்துவிட்டவள். அவள் கணவன் தினேஷ்குமார் அப்பா கம்பெனிக்கு லாரி ஓட்டுகிறவன். சித்திரை மாதம் அவள் உதடு கிழிந்து நம் சமையலறைக்கு வந்தாள். அவன் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்றதற்கு அடி. தெருவில் சமாதானம் பேசி எழுதி வாங்குவதாக முடிவானது, இந்தத் தெருவில் எதையும் எழுத நான்தானே. உன் நோட்டின் கடைசித் தாள்களில் முதலில் வரைவாக எழுதிப் பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அவரு ஒடம்புல என்னமோ இருக்குதுக்கா, ரத்தம் பாத்துட்டு வரட்டும், அப்புறம் நான் போறேன், அப்படியே எழுதுங்க என்றாள். அப்படியே எழுதினேன். வீட்டு ஓனர் கங்கப்பனின் மாடியில் ஆறு ஆண்கள் முன்னால் நான் அதைப் படித்தபோது அவள் மாமியார் ரங்கம்மா, ஏம்மா பி.ஏ. படிச்சவளே, புருசனுக்குப் பரிட்சை வெக்கறாளா உங்க தங்கச்சி, பாஸானாத்தான் பாய் போடுவாளாமா என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், வினிதா, அப்பாவும்தான். அப்புறம் அவர் என் காதருகே குனிந்து, அந்த வரிய எடுத்துடு, டிரைவர் பையன் வேலைக்கு வம்பு என்றார். நான் அதன் மேல் ஒரு கோடு போட்டேன். நல்ல தாளில், கணவர் மனம் கோணாமல் குடும்பம் நடத்துவேன் என்று முத்து முத்தாக எழுதி, கையெழுத்துப் போட என் பேனாவையே கொடுத்தேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போட்டாள்.

இப்போது அவளுக்கு ஐந்து மாதம். ஆஸ்பத்திரியில் பார்த்ததில் எச்.ஐ.வி. என்று வந்துவிட்டது. கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போன இடத்தில் இவள்தான் வாங்கிவந்தாள் என்று சொல்லிப் புருஷன் வீட்டில் வெளியே தள்ளிவிட்டார்கள், அவன் இன்றுவரை ரத்தம் பார்க்க மறுக்கிறான். கிருஷ்ணகிரியில் குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கும் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்திருக்கிறாள். அவன் வீட்டாரோ நான் எழுதிய தாளை எடுத்துக் காட்டுகிறார்கள். நோயைப் பற்றி அன்று அவள் வாயே திறக்கவில்லையாம், என் கையெழுத்தே அதற்குச் சாட்சியாம்.

போன ஞாயிற்றுக்கிழமை சூளகிரியில் அவள் அம்மா வீட்டுக்குப் போனேன். எனக்குக் காபி கொடுத்துவிட்டுத் தன் டம்ளரை ஜன்னலில் தனியே வைத்துக்கொண்டாள். இப்படியெல்லாம் ஒட்டாது என்றேன், எனக்குத் தெரியும்க்கா, இங்க இருக்கறவங்களுக்குத் தெரியணுமே என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அன்னிக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்குதாக்கா என்று மட்டும் கேட்டாள். பிள்ளைக்கு வராமலிருக்க மருந்து இருக்கிறதாம், அவளுக்கு இனி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே ஒரு வழி கேட்டாள், படித்த நான் அதை அடைத்தேன். அடித்தவன் கையையும் என் கையையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

சேலத்து வரன் வீட்டார் தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். பையனிடம் ரத்தப் பரிசோதனை கேள், நீயும் செய்துகொள். யார் சிரித்தாலும் கேள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நீ யாருக்கும் பயப்படாமல் வாழ வேண்டும், இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் இப்போது எனக்குத் தோன்றவில்லை.

பழைய நோட்டையெல்லாம் கடைக்குப் போட்டுவிடு என்று அப்பா நேற்று இரண்டு தடவை சொன்னார். செவ்வாய்க்கிழமை விசாரணை. அவர் ஷிப்டுக்குப் போனதும் அந்த நோட்டோடு கிருஷ்ணகிரி பஸ் ஏறப் போகிறேன். அவள் கேட்டாள், நான் எழுதினேன், யார் சொல்லி நீக்கினேன் என்று அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வேன். சேலத்துக்கும் விஷயம் போகும். இதனால் அவள் ரத்தம் மாறிவிடாது, தெரியும். சுசித்ராவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது செவ்வாய்க்கிழமை கழிந்திருக்கும், நீ வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதென்றுதான் தபாலில் போடுகிறேன்.

உன் அம்மா
சரஸ்வதி