செவ்வாயில் கிடக்கும் உருண்டைக் கல்

என் கருப்பு மாமா,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. நம் மகள் செல்வி கள்ளக்குறிச்சிக் காலேஜில் இரண்டாம் வருஷம் போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். சிவப்பு மண், எங்கு பார்த்தாலும் கல், தூரத்தில் மொட்டை மலை. கரியாலூருக்கு மேலே இருக்கும் நம் மானாவாரிக் காடு என்றே நினைத்துவிட்டேன்.

"இன்னாடி, கல்லு பொறுக்காத நம்ம காட்ட போட்டோ புடிச்சிக்கினு ஊருக்கெல்லாம் காட்டுறியா? மானம் போவுது."

"ஐயோ அம்மா! இது செவ்வாய். நம்ம பூமிக்குப் பக்கத்துக் கிரகம்."

"பக்கத்துக் காட்டுக்காரனா இருந்தா இன்னா? கல்லப் பொறுக்கி வரப்புல போடணும்னு தெரியாதா அவனுக்கு?"

விழுந்து விழுந்து சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அங்கே மண்ணில் இருக்கும் இரும்பு துருப்பிடித்துத்தான் அந்தச் சிவப்பாம். ஒரு மலை இருக்கிறதாம், அதன் பக்கத்தில் நம் கல்வராயன் மலை ஒரு கரையான் புற்று. ஒரு பள்ளம், கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீர் வரை நடந்தாலும் அந்த நீளம் வராதாம். பிறகு ஒரு படத்தில் வழவழவென்று உருண்டைக் கற்கள்.

"தண்ணி உருட்டினாத்தான் கல்லு இப்படி ஆவும். அங்க எப்பவோ ஆறு ஓடியிருக்குதாம்மா" என்றாள்.

போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். நம் காட்டின் கீழ்மூலையிலும் அதே மாதிரிக் கல்தானே? அங்கே கிணறு தோண்டலாம் என்று நீ சொன்னபோது, "கல்லுல பாலு கறக்கப் போறியா?" என்று ஆட்கள் முன்னால் கேலி செய்தவள் நான்.

உன் அண்ணன் அந்த நிலத்தைத் தனக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டி வைத்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் செல்வியும் நானும் கீழ்மூலையில் தோண்டினோம். இடுப்பளவு ஆழத்தில் கற்களுக்கு நடுவே மணல் ஈரமாக இருந்தது. தண்ணீர் இல்லை, ஈரம்தான்.

"செவ்வாயில எல்லாம் வத்திப்போச்சி. இங்க இன்னும் மழ பேயுதும்மா" என்றாள்.

உன் அண்ணன் வரப்பில் வந்து நின்றார். "இன்னா பவுனு, புதையலா?"

"ஆமாங்க, உங்க தம்பி சொல்லிட்டுப் போனது. நெலத்தக் குடுக்கறதா இல்லீங்க" என்றேன். முன்பு தலையாட்டியவள்தான். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

மேலே சாமை விதைக்கிறோம். கீழே மழைக்கு முன் முடிந்த மட்டும் தோண்டுவேன். விடமாட்டேன் மாமா, சத்தியம்.

அன்று எல்லாரும் சிரித்தபோது ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல், கடப்பாரையைச் சாய்த்துவிட்டு வந்து என்னிடமே சோறு கேட்டாயே, உனக்கு வலிக்கவே இல்லையா?

உன் அத்தை மகள்,
செல்வியின் அம்மா,
பவுனு