பயனாளிப் பட்டியலில் என் மகன்

பக்கத்து வளவுக்காரன் இன்று காலை பழைய தறப்பாளை விரித்து நெல் காயப்போட்டிருக்கிறான். வெயில் ஏறியதும் அந்த மணம் வந்தது. சூடேறிய பிளாஸ்டிக்கும் வியர்வையும் கலந்த முகாம் மணம். அது வந்தால் கூடவே நீயும் வந்துவிடுகிறாய். செத்து ஆறு வருடமாகியும் என்னை விட்டுப்போக உனக்கு மனமில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடையில் சாமான் சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டுகளை வாசித்துத்தான் எழுதப் பழகினேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. உன்னை நான் மன்னிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளாங்குளத்தில் எங்கள் இருவரின் வயலுக்கும் நடுவே ஒரே வரம்பு. ஒருவரிடமும் கைநீட்டி ஒரு கொத்து நெல் வாங்கியதில்லை, நீயும் நானும். சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வயலில் ஆள் உயரப் பற்றை, வீட்டுக்குக் கூரையில்லை. எங்களுக்கு மட்டும் புதுப் பெயர் ஒன்று தயாராக இருந்தது: பயனாளி. ஊர் அதற்கு ஒரு மாதத்தில் பழகியது. நீ ஒரு கிழமையில் பழகினாய். தூரத்தில் உதவி நிறுவனங்களின் வாகனம் வரும் சத்தத்திலேயே அது வீட்டுத் திட்டமா கக்கூசுத் திட்டமா என்று சொல்வாய். ஊரில் பாதிப்பேர் உன் வாயைப் பார்த்துத்தான் உடுப்பு மாற்றினார்கள்.

"மச்சான், சேட்டைக் கழட்டிப்போட்டு வா. சைக்கிளையும் பின்னுக்குக் கொண்டுபோய் விடு."

"நான் பிச்சைக்காரனில்லை."

"நானும் இல்லை. ஆனா அது அவங்களுக்குத் தெரியக்கூடாது."

இவ்வளவு தெரிந்தும் உனக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. உன் மனைவி சண்டைக்கு முன்பே நோயில் போய்விட்டாள், பிள்ளையும் இல்லை. குடும்ப அட்டையில் உன் பெயர் மட்டும். தனி ஆளுக்குத் திட்டமில்லை என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்கள். நீ சிரித்துக்கொண்டே திரும்பி வருவாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. விழுந்தவன் விழுந்தமாதிரி இருக்கவேண்டும்.

பிறகு மாட்டுத் திட்டம் வந்தது. சண்டையில் பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு ஒரு கறவை மாடு. ஆனால் கூட்டத்தில் எழும்பி, நடந்ததைச் சொல்லவேண்டும். சொன்னால் மனப்பாரம் குறையுமாம். என் மனைவி கொண்டுவந்த விண்ணப்பத்தை அவள் முன்னாலேயே கிழித்தேன்.

"என்ர பிள்ளையை மாட்டுக்கு விக்கமாட்டன்."

"மாடு வேண்டாம். அவனுக்கு என்ன நடந்தது எண்டாவது எனக்குச் சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. செல் குண்டு விழுந்தது, உடனே முடிந்தது, என்று முகாமில் ஒரு தடவை சொன்னதோடு சரி. மகன் செத்த அன்றைக்கு, இடம்பெயர்ந்து ஓடுகையில், அவள் தன் தங்கச்சி குடும்பத்தோடு முன்னே போய்விட்டாள். மகனோடு பின்னால் வந்தது நீயும் நானும்தான்.

பொதுமண்டபக் கூட்டத்துக்கு நான் போனது, யார் யார் பிள்ளையை விற்கிறார்கள் என்று பார்க்க. நிறுவனக்காரர் இரண்டு பேர் வெளிநாட்டவர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெடியன். மூன்றாவதாக நீ எழும்பினாய். உன்னைத் தெரியாதவர்கள் அவர்கள் மட்டும்தான். "என்ர மகன்," என்று தொடங்கினாய். ஊர் தலையைக் குனிந்துகொண்டது. திட்டத்துக்காகப் பொய் சொல்வது எல்லாருக்கும் அப்போது பழகிவிட்டிருந்தது.

"இருவது வயசு. கட்டம்போட்ட சேட்டுப் போட்டிருந்தவன். காயப்பட்டு ஒரு மணித்தியாலம் உயிரோடை கிடந்தான். ரெண்டாந்தரமும் செல் வந்தது. எல்லாரும் ஓடிட்டினம். தகப்பன் நான், கையை விடேல்லை. மூச்சு நிக்குமட்டும் விடேல்லை."

என் மனைவி கதிரையை விட்டு எழும்பினாள்.

"அண்ணை, அந்தச் சேட்டின்ர மேல்தெறி என்ன நூலாலை தைச்சிருந்தது?"

அவள் அங்கே இருந்ததை நீ கவனித்திருக்கவில்லை.

"சிவப்பு நூல், தங்கச்சி."

அந்தப் பொத்தானைத் தைத்தது அவள். வெள்ளை நூல் முடிந்துபோன நாளில். தன் பிள்ளை ஒரு மணித்தியாலம் உயிரோடு கிடந்ததை அவள் ஒரு மாட்டுக்கான கூட்டத்தில், அடுத்தவன் பிள்ளையின் கதையாகக் கேட்டாள்.

நீ சொன்னதில் ஒரே ஒரு பொய்தான். தகப்பன் அங்கே இருக்கவில்லை. இரண்டாம் செல் வந்தபோது அவன் கையை உதறிவிட்டு ஓடிப் பதுங்குகுழிக்குள் விழுந்தவன் நான். நீ இருந்தாய். திரும்பி வந்தபோது அவன் முடிந்திருந்தான், அவன் விரல்கள் உன் விரல்களுக்குள் இருந்தன. "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்றாய். நான் கேட்காமலே சொன்னாய். அதற்காகவும் உன்னை வெறுத்தேன்.

மண்டபத்தில் நீ அடுத்து என்ன சொல்வாயோ என்ற பயத்தில் நான் எழும்பினேன்.

"இவனுக்கு ஏது பிள்ளை? இவன்ர மனிசி ஒரு பிள்ளைக்கும் வழியில்லாமல் செத்தவள். பெத்தவன் நான் இங்கை இருக்கிறன்."

பெடியன் என்னைப் பார்த்தான். "ஐயா, இதையும் அவையளுக்குச் சொல்லவோ?" பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

உன் வாயில் ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே ஒன்றுமில்லாமல் போயிருப்பேன். நீ அதை விழுங்கினாய். "ஓம், பிழைதான். என்ர பேரை வெட்டுங்கோ," என்றுவிட்டு இறங்கிப் போனாய்.

அதன் பிறகு கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் உன்னைக் கண்டால், "தகப்பன் வாறார், வழி விடுங்கோ," என்றார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். உன் கதையைக் கேட்டுப் பாடமாக்கி மாடு வாங்கியவர்களும் அதில் நின்று சிரித்தார்கள். நீ கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் கூலி வேலைக்குப் போனாய். அடுத்த காலபோக விதைப்பு நேரம் காய்ச்சல் கண்டு செத்து, உழவு மெசின் இழுத்த பெட்டியில் பிணமாக ஊருக்கு வந்தாய். நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவள் போனாள்.

செத்தவீட்டால் வந்து, கிணற்றடியில் முழுகி, ஈரத்தோடு என் முன்னால் நின்றாள்.

"அண்ணை சொன்னதிலை தகப்பன் கையை விடேல்லை. அது நீங்கள்தானே?"

"ஓம்," என்றேன்.

"எந்தக் கை?"

வலக்கையை நீட்டினேன். அதை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். மகன் போனபிறகு அவள் என் பக்கத்தில் இருந்து அழுதது அன்றைக்குத்தான். அன்றிரவு நித்திரையும் கொண்டாள். இப்போது கோழி வளர்க்கிறாள், மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். திட்டங்கள் செய்யாததை அந்த ஒரு பொய் செய்தது. மகனின் ஒவ்வொரு திவசத்துக்கும் படையல் வைக்க முன் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள். அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்," என்கிறாள்.

என் பிள்ளையை எடுத்தபோது நீ என்னிடம் கேட்கவில்லை. இந்தக் கையை எடுத்தபோது நானும் உன்னிடம் கேட்கவில்லை. திருப்பித் தரப்போவதுமில்லை. வருகிற மாதம் திவசம் வருகிறது. அவள் கேட்பாள். நான் நீட்டுவேன்.