அண்ணே, இந்த முறை பெருநாடியையும் பார்த்தோம்

வொலிபோல் நெட்டுக்கு மேலே இரண்டு கையும் தெரிய நிற்கும் என் செல்ல அண்ணே,

ஒரு நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். அழுதுகொண்டு எழுதிய கடிதங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை யாருக்கும் காட்டியதில்லை. இதை மட்டும் எல்லோரும் படிக்கட்டும்.

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மகேஸ்வரி என்று ஒரு அக்கா இருக்கிறார். கொழுந்து எடுப்பவர். உன்னைக் கொண்டுபோன அதே ஆபத்து அவர் நெஞ்சுக்குள்ளும் இருந்தது. அது கிழிவதற்கு முன்னால் நாங்கள் பிடித்துவிட்டோம் அண்ணே. பிடித்துவிட்டோம்!

உனக்குத் தெரிந்த கதையைக் கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், படிக்கிறவர்களுக்காக. நோர்வூட் பக்கம் நம் தோட்டத்திலேயே நீதான் உயரம். கை மட்டும் இன்னும் நீளம். வொலிபோல் ஆடும்போது தோட்டத்தின் அடுத்த டிவிஷன்காரர்கள் உன் கையைப் பார்த்தே பாதி தோற்றுவிடுவார்கள். இருபத்திரண்டு வயதில், தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கும்போது மூச்சு அடைத்து உட்கார்ந்துவிட்டாய். நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசிந்திருக்கிறது என்றார்கள். விலாவில் குழாய் போட்டு, தேற்றி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு உனக்கு என்ன வந்தாலும் நம் லயத்து வீடுகளில் ஒரே பேச்சு: "அவனுக்கு நெஞ்சு வீக்."

மூன்று வருடம் கழித்து ஒரு காலை. நீ பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றாய். நான் பள்ளிக்கூட உடுப்போடு அந்த வழியாக வந்தேன். "முதுக யாரோ கிழிக்கிற மாதிரி இருக்கு பாப்பா" என்று என் தோளைப் பிடித்தாய். கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். அட்டன் ஆஸ்பத்திரி வருவதற்குள், என் மடியில் தலை வைத்தபடியே, போய்விட்டாய்.

ஆஸ்பத்திரியில் ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். "நுரையீரல் இல்லை பிள்ளை. இதயத்திலயிருந்து வெளிக்கிடுற பெருநாடி கிழிஞ்சிருக்கு. முதல்ல வீங்கியிருந்திருக்கும். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது." பெருநாடி என்ற சொல்லை அதுவரை விஞ்ஞானப் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். பரீட்சைக்காகப் படம் வரைந்து சிவப்புப் பென்சிலால் நிறம்கூடத் தீட்டியிருந்தேன். அது உனக்குள் இருந்தது என்பது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

யார் மீதும் பழி இல்லை அண்ணே. நுரையீரல் ஓட்டைக்கு அன்றைக்கு எடுத்தது சாதாரண எக்ஸ்ரே. பெருநாடி கிளம்பும் இடம் இதய நிழலுக்குள் மறைந்துவிடும். ஆனால் ஸ்கேன் அப்படி இல்லை. நுரையீரலைப் பார்க்க நெஞ்சை ஸ்கேன் செய்தால் பெருநாடியும் சேர்ந்தே படத்தில் விழும். கேள்வி நுரையீரலைப் பற்றியது என்பதால் பதிலும் நுரையீரலைப் பற்றியே வரும். பக்கத்தில் இருப்பதை நின்று அளக்க, வரிசை நீண்ட ஆஸ்பத்திரியில் யாருக்கு நேரம்?

அந்த நேரத்தை உண்டாக்குவதுதான் என் வேலையாயிற்று. கம்பஸில் கதிர்ப்படம் எடுக்கும் படிப்பு படித்தேன், பிறகு ஆராய்ச்சிக்குப் போனேன். நுரையீரலுக்காக எடுத்த ஸ்கேன்களைக் கணினி தானாகத் திறந்து, பெருநாடியை முழு நீளத்துக்கும் அளந்து, அகலம் கூடியிருந்தால் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். நோயாளிக்கு இன்னொரு படம் வேண்டாம், இன்னொரு ஊசி வேண்டாம். சொல்வது சுலபம். பெருநாடி வளைந்து போகும். கேரட்டைச் சாய்த்து வெட்டினால் வட்டம் பெரிதாகத் தெரியும் இல்லையா, அதுபோலக் கணினியும் ஏமாந்து நல்ல குழாயை வீக்கம் என்றது. அதைச் சரி செய்தால் இதயம் துடிக்கிற துடிப்பில் படமே கலங்கியது. எத்தனை தடவை விட்டுவிடலாம் என்று நினைத்தேன் தெரியுமா?

மகேஸ்வரி அக்காவின் ஸ்கேன் அப்போதுதான் வந்தது. பழைய காசநோய்த் தழும்பால் இருமல் விடாததால் எடுத்தது. நுரையீரலில் பயப்பட ஒன்றும் இல்லை. எங்கள் கணினி மட்டும் பெருநாடி கிளம்பும் இடத்தில் சிவப்புக் கோடு போட்டது. ஐந்தரை சென்டிமீட்டர்; நாலுக்குள் இருக்க வேண்டியது. நான் கையாலும் அளந்தேன். அதேதான்.

எங்கள் பேராசிரியர் அம்மா நம்பவில்லை. சிங்களப் பெண்மணி, கண்டிப்பானவர், நல்லவர். "இது துடிப்பால் வந்த கலக்கம், புஷ்பா. உன் அண்ணனை நீ எல்லாப் படத்திலும் தேடுகிறாய்" என்றார். சுட்டது. பொய்யென்றும் சொல்ல முடியவில்லை. "நான் தேடுகிறேன்தான் மேடம். அதற்காக இது இல்லாமல் போகாது. இதயத் துடிப்பின் நேரத்தோடு இணைத்து ஒரு ஸ்கேன் எடுப்போம். நான் தப்பென்றால் கணினியை மூடிவிடுகிறேன்" என்றேன். என்ன துணிச்சலில் சொன்னேனோ!

மேடம் சம்மதித்தார். அந்த ஸ்கேனுக்கு வரச் சொல்லி வார்டு டொக்டர் இரண்டு தடவை தகவல் அனுப்பியும் அக்கா வரவில்லை. கடைசியில் அந்த டொக்டர் என்னையே தோட்டத்து மிட்வைஃபோடு போய்ப் பார்த்துவரச் சொன்னார். மழையில் நனைந்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்கா பால் விடாமல் இஞ்சி போட்ட சாயத்தண்ணி கொடுத்தார். அவர் புருஷன் முருகேசு வாசற்படியில் நின்றார்.

"இருமல் நின்னுருச்சுங்க டொக்டர். எதுக்கு மறுபடி?" என்றார் அக்கா.

"நான் டொக்டர் இல்லக்கா. படம் பாக்குறவ. இது இருமல் சங்கதி இல்ல. இதயத்துல இருந்து வர்ற பெரிய கொழாய் ஒங்களுக்கு வீங்கியிருக்குன்னு நெனைக்கிறேன். சரியா தெரிஞ்சுக்க இன்னொரு படம் எடுக்கணும்."

முருகேசு குறுக்கிட்டார். "வலியே இல்லைங்கிறா. படம் எடுத்தா பொறகு ஆப்பரேசன்னுதானே சொல்லுவீங்க? வலி இல்லாத எடத்துல எதுக்குங்க கத்தி வைக்கணும்?"

நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் புத்தகப் பதில் இருந்தது. அதை விட்டுவிட்டு உன்னைப் பற்றிச் சொன்னேன் அண்ணே. பெரட்டுக் களத்தைச் சொன்னேன், லொறியைச் சொன்னேன். உனக்கும் அந்தக் காலை வரைக்கும் வலி இல்லை என்று சொன்னேன்.

அக்கா என் கையிலிருந்த காலிக் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "ஒங்க அண்ணனுக்கு இந்த மாதிரி படம் எடுத்திருந்தா பொழச்சிருப்பாரா?"

"சத்தியம் பண்ண முடியாதுக்கா. ஆனா நாங்க சண்டை போட்டிருப்போம். சண்டை போடக்கூட எங்களுக்கு நேரம் கெடைக்கல."

அக்கா புருஷனைப் பார்த்தார். "நாளைக்கு நான் வேலைக்கு வரலைன்னு பேர் போடுற கண்டாக்குகிட்ட சொல்லிருங்க. நான் சண்டை போட்டுப் பாக்குறேன்."

படம் எடுத்தோம். துடிப்பின் கலக்கம் இல்லாத தெளிவான படம். பேராசிரியர் அம்மா தன் கையால் அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். ஐந்தரை. அடுத்த கூட்டத்தில், அத்தனை டொக்டர்களுக்கும் நடுவில், எழுந்து நின்று சொன்னார்: "நான் சொன்னது தவறு. புஷ்பாவின் அளவு சரி." லயத்துப் பிள்ளை நான், அந்தப் பெரிய மேசையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். நீ பார்த்தாயா?

கொழும்பில் ஆப்பரேஷன். காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். முருகேசு அண்ணனும் நானும் வராந்தாவில் இருந்தோம். பின்னேரம் சர்ஜன் வெளியே வந்து சிங்களத்தில் சொன்னார்: "குழாயின் சுவர் ஈரக் காகிதம் மாதிரி இருந்தது. சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள். புதுக் குழாய் வைத்தாயிற்று. இனிப் பயமில்லை." நான் தமிழில் சொல்ல வாய் திறப்பதற்குள் முருகேசு அண்ணன் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இப்போது அக்காவுக்குக் கூடை சுமக்கிற வேலை கிடையாது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் போனேன். ஒரு குழந்தை இடுப்பில், ஒன்று முந்தானையில். "வாங்க புஷ்பா, நாங்க சண்டையில ஜெயிச்சிட்டோம்ல!" என்று அவர் போட்ட சத்தத்தில் தூங்கின பிள்ளையெல்லாம் எழும்பிவிட்டது.

இன்னொரு வெற்றி இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிது.

அம்மா இத்தனை வருடமாக ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தது உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. மகேஸ்வரி அக்கா பிழைத்த கதையைச் சொன்னபோதுதான் வெளியே வந்தது. "விறகு அடுப்புப் பொகையில ஒன் அண்ணன வச்சு வளத்தேன். அதுதான் அவன் நெஞ்சைத் தின்னுருச்சு" என்றது. நான் மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். உன் பழைய ரிப்போர்ட்டையும் போட்டோக்களையும் பார்த்து எங்கள் டொக்டர்கள் சொன்னதைச் சொன்னேன். உடம்பைக் கட்டிப் பிடிக்கிற நார் உனக்குப் பிறவியிலேயே தளர்ந்திருந்திருக்கிறது. நீள நீளமான கை, நுரையீரலில் ஓட்டை, பெருநாடிக் கிழிசல், எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அம்மாவையும் என்னையும் பரிசோதித்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை.

"அப்ப பொகை இல்லையா?"

"இல்லம்மா."

"நான் ஒண்ணும் பண்ணலையா?"

"நீ வளத்த, அம்மா. அதுதான் நீ பண்ணது."

அம்மா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தது. அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டது அண்ணே. நீ போனதிலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது நுரையீரலுக்காக எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேனிலும் பெருநாடியையும் அளக்கிறோம். மகேஸ்வரி அக்காவுக்குப் பிறகும் சிலரைக் கண்டுபிடித்திருக்கிறோம். எல்லோருக்கும் கத்தி வேண்டியதில்லை. மாத்திரையோடும் கவனத்தோடும் வீட்டில் சந்தோஷமாக இருக்கிறவர்களும் உண்டு.

வரும் வாரம் கினிகத்தேனையில் தோட்டத்து மிட்வைஃப்மாருக்கு இதைப் பற்றி வகுப்பு எடுக்கப் போகிறேன். ஆராய்ச்சிக் கட்டுரையில் நோயாளிகள் யார் பெயரும் போட முடியாது. எல்லோரும் அதில் வெறும் இலக்கம்தான். வகுப்பில் அந்தச் சட்டம் இல்லை. உனக்கு வாக்குத் தருகிறேன்: கினிகத்தேனையில் மட்டுமல்ல, இனி எந்த ஊரில் இதைப் பேச எழுந்தாலும் என் முதல் வார்த்தை "என் அண்ணன் பேரு ராஜேந்திரன்" என்பதாகவே இருக்கும்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
புஷ்பா