ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரலாம்

9 ஜனவரி 2025, வியாழன்

சென்னைக்கு வந்து நான்கு நாள். கோட்டூர்புரத்தில் கரீமுல்லா பாய் வீட்டு மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் அடையாற்று வாடை, மூடினால் கொசுவர்த்தி வாடை. மலேசியாக்காரனுக்கு விசா தொண்ணூறு நாள்தான். ஏப்ரல் தொடக்கத்தில் கிளம்பிவிட வேண்டும்.

பாய் தன் பழைய சைக்கிளை எனக்கே விட்டுவிட்டார். "நமக்கு முட்டி போயிருச்சு. நீங்களாவது ஓட்டுங்க." ஐம்பத்துமூன்று வயதில் சைக்கிள். தெருமுனை வரை போவதற்குள் இரண்டு முறை காலை ஊன்றினேன்.

ரஞ்சனிக்குப் போன் செய்தேன். "ஞாயித்துக்கெழமை வாங்கோ. மத்த நாள் ஸ்கூல், பாட்டு கிளாஸ்" என்றாள். சொந்த மனைவியைப் பார்க்க நாள் குறித்துக் கொடுத்திருக்கிறாள். சரி. பன்னிரண்டு ஞாயிறு இருக்கிறது.

பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள, மூன்றே மாதம் என்று சொல்லிப் பினாங்கிலிருந்து கிளம்பியவள். மூன்று வருடமாகிவிட்டது. மாமா போன மார்ச்சில் காலமானார். அதற்குப் பிறகும் வரவில்லை. போனில் கேட்டால் "பாக்கலாம்" என்பாள். நேரில் கேட்கத்தான் வந்திருக்கிறேன். டிசம்பரோடு ஓட்டல் வேலையையும் விட்டாயிற்று.

12 ஜனவரி, ஞாயிறு

மந்தைவெளியில் முதல் மாடி. கூடத்தில் மாமாவின் கட்டில் இன்னும் இருக்கிறது, பக்கத்தில் கைத்தடி. இருபது நிமிடம் அவளுடைய ஸ்கூலைப் பற்றிப் பேசினோம்.

பினாங்கில் என்னோடு பேசும்போது என்னைப் போலவே பேசுவாள். "சாப்டீங்களா, பசியாறியாச்சா" என்பாள். இப்போது "சாப்டேளா" என்கிறாள். பிறந்த வீட்டுப் பேச்சு திரும்பிவிட்டது. யார் வீட்டுக்கோ விருந்தாளியாகப் போனதுபோல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

"சர்க்கரை ஒரு ஸ்பூன்தானே?" என்று கேட்டுக் காப்பியில் போட்டாள். டாக்டர் சொல்லி நான் சர்க்கரையை விட்டு இரண்டு வருடம். அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. இன்றும் சொல்லாமல் குடித்தேன்.

14 ஜனவரி

பொங்கல். பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. ரஞ்சனி வாட்ஸப்பில் ஒரு பானைப் படம் அனுப்பியிருந்தாள்.

23 ஜனவரி, வியாழன்

இப்போது தினமும் காலை ஆறு மணிக்குச் சைக்கிள். காந்தி நகர், திரு.வி.க. பாலம், பட்டினப்பாக்கம், சாந்தோம், பிறகு கடலோரமாக லூப் ரோடு. எங்கள் பினாங்குக் கடலுக்கு அலையே கிடையாது, தட்டில் ஊற்றிய மாதிரி கிடக்கும். இங்கே கடல் ஓயாமல் கரையை அடித்துக்கொண்டிருக்கிறது. ரஞ்சனி வந்த புதிதில் பினாங்குக் கடலைப் பார்த்து "இது கடலா?" என்று சிரித்தாள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இவள் எங்கிருந்து வந்தாள் என்று ஒரு தடவையாவது வந்து பார்த்திருந்தால் அந்தக் கோபம் வந்திருக்காது. பதினேழு வருடத்தில் நான் இந்த ஊருக்கு வந்தது இரண்டே முறை, இரண்டும் கல்யாணத்துக்கு. ஒன்று எங்களுடையது.

மீன் விற்கும் எஸ்தரம்மா இன்று கூப்பிட்டார். "இன்னா சார், தெனம் பாத்துக்கினே போறியே, ஒரு நாள் வாங்குறது!"

"சமைக்க ஆளில்லைம்மா."

"கண்ணாலம் ஆவலியா?"

ஆகிவிட்டது என்றேன். அவர் மீனுக்குத் தண்ணீர் தெளிக்கத் திரும்பிக்கொண்டார்.

2 பிப்ரவரி, ஞாயிறு

பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். நான் எட்டரைக்கே போய்விட்டேன். தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சைக்கிள் செயின் கழன்றிருப்பதைப் பார்த்து ஒருவர் தானாகவே வந்து மாட்டிவிட்டார். பெயர் டில்லிபாபு. இருபது வருடமாக அதே ஸ்டாண்டில் ஓட்டுகிறாராம்.

"எந்த ஊரு சார்? பேச்சு வேற மாரி கீது."

"மலேசியா."

"ஓகோ" என்றார். கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். பினாங்கில் ரத ஊர்வலம் போகும் தெருவெல்லாம் தேங்காய்த் தண்ணீர் ஓடும். பதினான்கு தைப்பூசம் நாங்கள் சேர்ந்து நடந்திருக்கிறோம். இன்று அவளைக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தேன். செவ்வாய்க்கிழமையாயிற்றே. வைத்துவிட்டேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

டீக்கடையில் டில்லிபாபு தானாகவே ஆரம்பித்தார். எதிர் வீட்டு ராமானுஜம் ஐயாவை, அதாவது மாமாவை, வாரம் இரண்டு தடவை பிசியோதெரபிக்கு அவர்தான் ஆட்டோவில் கொண்டுபோவாராம். ரஞ்சனியும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடியிலிருந்து இறக்குவார்களாம். மூன்று வருடத்தில் எனக்கு இது தெரியாது. "அப்பா எப்படி இருக்கார்" என்று கேட்பேன். "பரவால்ல" என்பாள். முடிந்தது.

பிறகு சொன்னார்: "பெர்சு தவறிப்போச்சில்ல சார், மருமவன் பாரின்லேந்து வர்றாருன்னாங்க. பாடிய ஐஸ் பெட்டில வெச்சி ராவெல்லாம் காத்துக்கினு இருந்தாங்க. சொந்தக்காரங்க எடுக்கலாம் எடுக்கலாம்னு ஒரே பேஜாரு. அந்தம்மா, அவரு வருவாரு, வருவாருன்னு ஒத்தக்கால்ல நிக்குது. ஆட்டோ சத்தம் கேட்டா ஓடியாந்து வாசல்ல பாக்கும். மூணு தபா ஓடியாந்துச்சி சார். மூணு தபாவும் வந்தது என் வண்டி."

மறுநாள் மதியம் அவளே கிருஷ்ணாம்பேட்டை சுடுகாட்டுக்குப் போய்த் தீ வைத்தாளாம்.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அந்த மருமகன் நான்தான் என்று சொல்லவில்லை. மேலே ரஞ்சனி வீட்டுக்கும் போகவில்லை. தலைவலி என்று மெசேஜ் போட்டுவிட்டு சைக்கிளை மிதித்து வந்துவிட்டேன்.

17 பிப்ரவரி

போன வருஷம், மாமா போன அன்னிக்கு ஓட்டலில் தண்ணிக் குழாய் வெடிச்சு மூணு மாடி வெள்ளம். நான் மெயின்டனன்ஸ் மேனேஜர். டிக்கெட் போட்டாச்சு, பையும் கட்டியாச்சு. போறதா வேண்டாமா? போனவர் போயிட்டார், பத்தாம் நாளுக்குப் போனால் போதும்னு நெனச்சேன். பத்தாம் நாளுக்கும் போகல. "வர முடியல, ஸாரி"ன்னு மெசேஜ் அனுப்பினது மறுநாள் காலைலதான். ராத்திரியே அனுப்பியிருக்கலாமே. ஏன் அனுப்பல? அவள் என்ன சொல்வாளோன்னு பயம். அவ்வளவுதான். என் பயத்துக்கு அவ ஒரு ராத்திரி பூரா வாசல்ல நின்னிருக்கா.

குழாயை வேறு யாராவது அடைத்திருப்பார்கள்.

22 பிப்ரவரி, சனி

மாமாவின் வருஷத் திதி. அவள் என்னிடம் சொல்லவில்லை. நேற்று அவள் வீட்டுக்கு வாழையிலைக் கட்டு கொண்டுபோன டில்லிபாபு சொல்லித்தான் தெரியும். அழைக்காமலே போனேன். அவளுடைய பெரியப்பா பையன் குருபிரசாத் உட்கார்ந்து எல்லாம் செய்தான். "வாங்கோ" என்றாள் ரஞ்சனி, எல்லோரிடமும் சொல்வதுபோல. நான் தண்ணீர்க் குடம் தூக்கினேன், இலை எடுத்தேன், கூடம் கழுவினேன்.

எல்லோரும் போன பிறகு அவளிடம் சொன்னேன். "அன்னிக்கு ராத்திரி நீ காத்துக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியாது, ரஞ்சி."

"தெரிஞ்சிருந்தா மட்டும் வந்திருப்பேளா?"

கூடம் கழுவிய துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

"என் மேல கோபம் இருக்கும்."

பாத்திரத்தைத் துடைத்தபடியே சொன்னாள்: "கோபம் இருந்திருந்தா அன்னிக்கே பிளேன் ஏறி வந்து சண்டை போட்டிருப்பேன். இல்லையேன்னுதான் எனக்கே கஷ்டமா இருக்கு."

திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். துடைத்த பாத்திரத்தை அலமாரியில் வைத்துவிட்டு எனக்கு மோர் கொண்டுவந்தாள்.

2 மார்ச், ஞாயிறு

டில்லிபாபுவிடம் போய், நான்தான் அந்த மருமகன் என்றேன்.

"தெரியும் சார். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அந்த வூட்டுக்குத்தானே ஏறுற. மலேசியான்னு வேற சொன்ன. தெரிஞ்சிதான் சொன்னேன்."

"ஏன்?"

"அந்தம்மா வாயத் தொறந்து சொல்லாது. யாராவது சொல்லணுமில்ல?"

டீக்கு அவரே காசு கொடுத்தார்.

16 மார்ச், ஞாயிறு

போன வாரம் அவளே கேட்டாள். "தெனம் அப்பிடி எங்கதான் சுத்தறேள்?"

"வந்து பாரேன்."

இன்று காலை ஆறரைக்குச் சைக்கிளின் பின் கேரியரில் உட்கார்ந்தாள். இந்த வயதில்! லஸ் பக்கம் போனால் யாராவது பார்ப்பார்கள் என்று சாந்தோம் வழியாகப் போகச் சொன்னாள். மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. "எறங்கிக்கறேன், எறங்கிக்கறேன்" என்று முதுகில் தட்டினாள். இறங்கவில்லை. எஸ்தரம்மா எங்களைப் பார்த்து, "அய்ய, இவங்கதானா? இன்னிக்காவது மீன் வாங்கு சார்" என்றார். "நான் சாப்பிட மாட்டேம்மா" என்று ரஞ்சனி வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வருடம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன்.

மணலில் உட்கார்ந்திருந்தோம். வந்துடேன் என்று கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கேட்கத்தான் இந்த ஊருக்கு வந்தேன்.

அவளே பேசினாள். அடுத்த ஜூனிலிருந்து ஸ்கூலில் சங்கீதப் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பாம். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமாம். அப்பாவின் கட்டிலை யாருக்காவது கொடுத்துவிட்டு அங்கே பாய் விரித்து வகுப்பு எடுக்கப் போகிறாளாம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன்.

நான் கேட்கவில்லை.

30 மார்ச்

கடைசி ஞாயிறு. கட்டிலைப் பிரித்து இறக்கிக் கொடுத்தேன். ஒரு பக்கம் டில்லிபாபு, ஒரு பக்கம் நான். மாடிப்படி திரும்பும் இடம் ரொம்பக் குறுகல். மாமாவை எப்படி இறக்கினார்கள்?

3 ஏப்ரல், வியாழன்

சைக்கிளைத் துடைத்துப் பாயிடம் ஒப்படைத்தேன்.

விமான நிலையத்துக்கு அவளும் வந்தாள். வேலை நாள்தான், ஸ்கூலுக்கு லீவு போட்டிருந்தாள். வழியெல்லாம் ஊறுகாய் பாட்டிலை எப்படி வைக்க வேண்டும் என்பதையே சொல்லிக்கொண்டு வந்தாள். உள்ளே போகும்போது, "உங்காத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கோ" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து பினாங்கு வீட்டை "நம்ம வீடு" என்றுதான் சொல்லியிருக்கிறாள். சொன்ன பிறகு அவளுக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும், என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாற்றிச் சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை.

4 மே, ஞாயிறு, பினாங்கு

காலையில் கதவைத் திறந்ததும் பக்கத்து வீட்டு ஷகீலா. "அண்ணே, பசியாறியாச்சா? ரஞ்சனிக்கா எப்ப வர்றாங்க?" மூன்று வருடமாக இதையே கேட்கிறாள். அடுத்த மாசம் என்று நானும் மூன்று வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

"அவங்க வீடு அங்கதான் ஷகீலா" என்றேன்.

தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். "உள்ள வாங்கண்ணே, தோசை ஊத்துறேன்" என்றாள்.

போய்ச் சாப்பிட்டேன்.