மாடி அறைக்கு ஆள் இருக்கிறது

இன்று காலை அரிசி டப்பாவுக்குள் கையை விட்டபோது அடியில் கட்டைபோல ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தால் மாசித் துண்டு. நீ அனுப்பியதில் மிச்சம். ஈரம் படக்கூடாது என்று நான்தான் புதைத்து வைத்திருந்தேன். அவித்து, புகை போட்டு, காயவைத்த அந்தச் சூரைமீன் வாசம் திருவொற்றியூர் சமையல்கட்டில் நின்றவளை மாலத்தீவுக்கு, நாம் பாடம் நடத்திய அந்தக் குட்டித் தீவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

காத்திவாக்கத்து மீன்காரக் குடும்பத்தில் பிறந்தவளுக்குக் கருவாடு அனுப்பியவள் உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். லீவில் ஊருக்கு வருகிற டீச்சர் யாரிடமாவது வருஷா வருஷம் கொடுத்துவிடுவாய். அவர்கள் எல்லாரும் வந்தார்கள். நீ மட்டும் வரவில்லை. நான் உன்னைக் கேட்டேன். நீ மீனை அனுப்பினாய்.

நீ காலேஜில் ஆங்கிலம் படித்தவள். நான் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டே, யாரும் சொல்லித் தராமல் கணக்கை நானாகவே படித்து, தபால் வழியில் பட்டம் வாங்கியவள். இங்கே நாம் முதலில் வேலை பார்த்த பள்ளியில் இதை எனக்கு அடிக்கடி நினைவுபடுத்த ஆட்கள் இருந்தார்கள். நீ ஒருநாளும் செய்ததில்லை. உன்னைவிட நான் பெரியவள் என்பதையும் நீ மதித்ததில்லை. மற்றவர்களுக்கெல்லாம் நான் அக்கா. உனக்கு மட்டும் 'மே'. வெளிநாட்டில் டீச்சர் வேலை என்ற விளம்பரத்தை நீதான் கொண்டுவந்தாய். "இன்னாமே, ரெண்டு பேரும் போலாமா?" என்றாய், பெரியமேட்டுக்குச் செருப்பு வாங்கப் போவதுபோல.

நமக்குக் கொடுத்த அறை நினைவிருக்கிறதா? மழைத்தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஓடுகிற சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். அங்கே சத்தமே இல்லாததால் எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ ஜன்னலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு கடலா? நாத்தமே இல்ல" என்றாய். அதற்குப் பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது, தூக்கமும் வந்தது.

முதல் வாரமே நான் ஊர்ப் பகையைத் தேடிக்கொண்டேன். படகுத்துறையில் ஒருவர் மீன் கொடுத்தார். நான் என் வழக்கப்படி செவுளைத் தூக்கிப் பார்த்தேன், முகர்ந்தேன், உதட்டைப் பிதுக்கினேன், விலையைக் குறைக்கச் சொன்னேன். அவர் மீனைப் படியிலேயே வைத்துவிட்டு முகம் சிவக்கப் போய்விட்டார். அது விற்கிற மீன் இல்லை, புது டீச்சருக்கு அன்பளிப்பு என்று மறுநாள் பள்ளியில்தான் தெரிந்தது. நீ என்னை அவர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், எங்கள் ஊரில் நல்ல மீனைத்தான் இவ்வளவு நேரம் பார்ப்போம் என்று ஆங்கிலத்தில் ஏதேதோ அளந்தாய். அவர் மனைவி தேநீர் கொடுத்தார். அந்த வீட்டுச் சின்னப் பெண் நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் உன் வகுப்புக்கு வந்தாள்.

உன் வகுப்புப் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். பெயரைக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஆனால் தினமும் காலையில் நான் வராந்தாவில் வரும்போது நீ உள்ளிருந்தே "இன்னாமே" என்று குரல் கொடுப்பதையும், இங்கேதான் இருக்கிறேன் என்று நான் நம் பாஷையில் "கீறேன்மே" சொல்வதையும் கவனித்திருக்கிறார்கள். ஒருநாள் நீ வருகைப்பதிவு எடுக்கும்போது அந்தச் சின்னப் பெண் எழுந்து, "கீறேன்மே" என்றாள். வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாய். அந்த வாரத்துக்குள் வகுப்பு முழுக்க அதையே சொன்னது. தலைமை ஆசிரியர் இது என்ன மொழி என்று கேட்டதற்கு, மிகப் பழைய தமிழ், மரியாதைச் சொல் என்று முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னாய். பிறகு அவரும் என்னை "இன்னாமே மிஸ்" என்று கைகூப்பி வணங்க ஆரம்பித்தார்.

ஒப்பந்தம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து திரும்புவது என்பதுதான் பேச்சு. என் வீட்டுக்கு மேலே ஒரு அறை கட்டுவது, அதில் நீ இருப்பது. ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுவரை முடிவு செய்தவள் நீ. தீவில் அந்தத் தகரக் கூரை அறைக்கு வெளியே, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாய்.

"அக்கா, நான் வரல."

அக்கா என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. மீதியை நீ சொல்லியிருக்கவே வேண்டாம். ஆனாலும் சொன்னாய். "இங்க நான் மிஸ். ராயபுரத்துல நான் இன்னா? புருசன் வுட்டுட்டுப் போனவ. தம்பி வூட்ல ஒரு மூல."

"என் வூட்ல மூல இல்ல. ரூமே கீது" என்றேன்.

நீ என் புடவையை உதறிக் கொடியில் போட்டாய். படுக்கையில் கிடந்த என் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் தனியாக வந்தேன். அறையைக் கட்டினேன். நீ சொன்ன பக்கமே ஜன்னலை வைத்தேன். ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் அடுத்த லீவு என்றாய். நான் ஒவ்வொரு முறையும் நம்பினேன்.

கடைசியாக ஒரு சாயங்காலம் உன் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் "இன்னாமே" என்றது குரல். "கீறேன்மே. நீ எப்ப வர்றே, அத்தச் சொல்லு" என்றேன். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அது நீ இல்லை. படகுத்துறையில் மீன் கொடுத்தவரின் மகள். இப்போது உன் பள்ளியிலேயே டீச்சர். எனக்கு எப்படிச் செய்தி சொல்வது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே தமிழில் ஆரம்பித்திருக்கிறாள். காலையில் பள்ளிக்குக் கிளம்பியவள் வாசலிலேயே விழுந்துவிட்டாயாம். பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கமும் முடிந்துவிட்டதாம். தீவே வந்திருந்ததாம்.

தீவே வந்தது. நான் வரவில்லை. எனக்குச் சொல்லவே இல்லை.

மறுநாள் ராயபுரத்துக்குப் போய் உன் தம்பியைக் கேட்டேன். அவருக்குக் காலையிலேயே போன் போயிருக்கிறது. சரி என்று சொல்லியிருக்கிறார்.

"மௌத்தான எடத்துலயே அடக்கம் பண்றதுதான் மொறைக்கா. ஒங்களாண்ட சொல்லி இன்னா ஆவப் போது?" என்றார்.

"ஒண்ணும் ஆவாது. சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டார், ஆள் அனுப்பி டீ வரவழைத்தார். நான் குடிக்கவில்லை. இன்றுவரை அவரோடு பேசவும் இல்லை. ரத்தசொந்தம் இல்லாதவளுக்கு எந்த உரிமையும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. கணக்கு எனக்கும் தெரியும். அது தப்பு.

நீ செய்ததும் தப்பு. செத்துப்போனதால் அது சரியாகிவிடாது. அங்கே உனக்குக் கிடைத்த மரியாதை எனக்குத் தெரியும். பிள்ளைகள் உன் பின்னால் மணல் தெருவில் ஓடிவந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். நீ சந்தோஷமாக இருந்தாய் என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் இல்லாமல் உன்னால் அவ்வளவு சந்தோஷமாக இருக்க முடிந்திருக்கிறது.

மாடியை வாடகைக்குக் கேட்டுப் போன வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். எர்ணாவூர்ப் பக்கம் வேலையாம். பூட்டித்தானே கிடக்கிறது என்றாள் அந்தப் பெண். ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாசியைத் துருவவில்லை. திரும்ப அரிசிக்குள்ளேயே வைத்துவிட்டேன். மேலே போய் உன் ஜன்னலைத் திறக்கிறேன். கீழே லாரி போகும்போது கம்பி அதிர்கிறது. நம் கடலின் நாற்றம் உள்ளே வருகிறது. நீ கேட்பதற்கு முன்னால் நான் பதில் சொன்னதே இல்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

கீறேன்மே.